மக்ரோனி சீஸ்: பத்தாவது நிமிடத்தில் ருசி பார்ப்பது

மக்ரோனி என்ற குழாய் வடிவப் பாஸ்தாவைச் சீஸ் சாஸில் கிளறினால் மக்ரோனி சீஸ். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டாவது நிமிடத்தில் எல்லா மக்ரோனி சீஸும் நன்றாகத்தான் இருக்கும். சூடும் உப்பும் கொழுப்பும் சேர்ந்து வாய்க்குள் போகும்போது நாக்கு எதையும் குறை சொல்லாது. வித்தியாசம் தெரிவது பத்தாவது நிமிடத்தில்தான். அதற்குள் ஒன்று இறுகிப் பசையாகியிருக்கும், இன்னொன்றில் எண்ணெய் பிரிந்து தட்டோரத்தில் நிற்கும், ஏதோ ஒன்று மட்டும் இறக்கியபோது இருந்த மினுமினுப்போடு இருக்கும். அதனால் இந்தப் பதிவில் உள்ள வகைகளை, கடைசியில் வரும் சுட்ட வகை தவிர, எல்லாவற்றையும் 2, 10, 30 என மூன்று நிமிடப் புள்ளிகளில் ருசி பார்த்தோம். இறக்கியவுடன் ஒரு வாய் மட்டும் தின்று மதிப்பெண் போட்டால், விலை குறைந்த பெட்டிக்கும் மெனக்கெட்டுச் செய்த சாஸுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பத்தாவது நிமிடத்தில் என்ன ஆகும் என்பதை முடிவு செய்வது சீஸின் விலை அல்ல, சாஸைப் பிரியாமல் பிடித்து வைத்திருக்கும் பொருள். சீஸ் என்பது கேசின் என்ற புரத வலைக்குள் கொழுப்பும் நீரும் அடைபட்ட பண்டம். அந்த வலையை இழுத்துக் கட்டியிருப்பது கால்சியம். சூடு மிஞ்சினால் வலை சுருங்கும், உள்ளே இருக்கும் கொழுப்பு பிழியப்பட்டு வெளியே வரும். சட்டியில் மேலே எண்ணெய், அடியில் நரநரவென்று புரதத் திரி. இதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு: மாவுச்சத்து, சோடியம் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகள், முட்டை. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் வகைகளும் வீட்டில் செய்யும் வகைகளும் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோதான் நம்பியிருக்கின்றன.

ருசி பார்க்கும் ஏற்பாடு

ஒரே அமர்வில் நான்கு வகைக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதுக்குள் உப்பும் கொழுப்பும் நாக்கை மழுக்கிவிடும், அதன்பின் எது வந்தாலும் "சுமார்" என்றே தோன்றும். அடுப்பு ஏற்றும் நேரத்தை ஒன்றுக்கொன்று ஆறு நிமிடம் தள்ளி வைத்தால், ஒவ்வொன்றையும் அதனதன் இரண்டாவது நிமிடத்தில் பிடிக்கலாம். அவனில் (ஓவன் அடுப்பில்) சுடும் வகை இருந்தால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

ஒருவருக்கு ஒரு வகையில் 40 கிராம் போதும். வெந்நீரில் கழுவித் துடைத்த சின்னக் கிண்ணத்தில் போடவும். கிண்ணம் குளிர்ந்திருந்தால் இரண்டாவது நிமிடமே பத்தாவது நிமிடம்போல நடந்துகொள்ளும். வாயில் வைக்கும்போது 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். 70-ஐத் தாண்டினால் சூடு மட்டும்தான் தெரியும், உப்பு தெரியாது. 40-க்குக் கீழே போனால் பால் கொழுப்பு உறையத் தொடங்கி, நல்ல சாஸும் மெழுகாகப் படும். இரண்டு வாய்க்கு நடுவே குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர், கடிக்கப் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு. ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது. நாக்கில் படிந்த கொழுப்பை அது அங்கேயே உறைய வைத்துவிடும்.

வெள்ளைச் செடார் (ஒரு வகைக் கெட்டிச் சீஸ்) வகையை முதலில் வைத்து, உப்புக் கூடிய ஆரஞ்சு வகையைக் கடைசியில் வைக்கவும். கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்ப்பது விளையாட்டுக்காக அல்ல. ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் "சீஸ் தூக்கல்" என்று மனம் முன்கூட்டியே எழுதிவிடும். அந்த நிறம் அனாட்டோ என்ற விதையிலிருந்து வருவது, சேர்க்கும் அளவில் அதற்கு ருசியே கிடையாது. கிராஃப்ட் நிறுவனம், நீலப் பெட்டியில் விற்கும் தன் மக்ரோனி சீஸில் செயற்கை மஞ்சள் சாயங்களை எடுத்துவிட்டு மிளகாய் வகையான பாப்ரிகா, அனாட்டோ, மஞ்சள் மூன்றையும் போட்டது. மாற்றம் வருவதாக 2015-இலேயே சொல்லியிருந்தாலும், புதிய பெட்டிகள் எப்போது கடைக்கு வந்தன என்பதைச் சொல்லவில்லை. 5 கோடிப் பெட்டிகளுக்கு மேல் விற்ற பிறகு, 2016 மார்ச்சில்தான் அதைப் பெருமையாக விளம்பரம் செய்தது. தின்றவர்களில் அநேகமாக யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிறம் அதே ஆரஞ்சாக இருந்ததுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

மதிப்பெண்ணுக்கு ஐந்து விஷயங்கள்: சாஸ் ஒட்டுவது, வழவழப்பு, உப்பு, சீஸ் மணம், மக்ரோனியின் கடி. இதில் ஒட்டுவதைப் பார்க்க எளிய வழி, பத்துத் துண்டுகளைத் தட்டில் வைத்துச் சாய்ப்பது. சாஸ் வழிந்து கீழே தேங்கினால் நீர்த்தது, துண்டுகள் மொத்தமாக ஒரே கட்டியாக நகர்ந்தால் இறுகியது. அதோடு ஒரு துண்டைக் குறுக்கே கடித்துக் குழாய்க்குள் சாஸ் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே மட்டும் பூசிய சாஸ் முதல் மெல்லலிலேயே தீர்ந்துபோகும், அப்புறம் வெறும் மாவுதான்.

நீலப் பெட்டியும் அதன் பொடியும்

கிராஃப்ட் டின்னர் 1937-இல் வந்தது. விலை 19 சென்ட், நான்கு பேருக்குப் போதும் என்று விளம்பரம். கனடாவில் இன்றும் அதற்கு, கிராஃப்ட் டின்னர் என்பதன் சுருக்கமாக, கே.டி. (KD) என்றுதான் பெயர். அமெரிக்கப் பெட்டி 206 கிராம். பெட்டியில் சொல்லும் முறை: ஆறு கப் தண்ணீர், அதாவது சுமார் 1.4 லிட்டர், கொதித்ததும் மக்ரோனி, 7 முதல் 8 நிமிடம், வடித்த பின் 4 மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது மார்ஜரின், கால் கப் பால், பெட்டியோடு வரும் சீஸ் பொடி. தண்ணீரில் உப்புப் போடச் சொல்லவில்லை, போடவும் கூடாது. பொடியிலேயே போதிய உப்பு இருக்கிறது.

இந்த முறையில் அடிக்கடி வரும் கோளாறு, பொடி கட்டி தட்டுவது. ஈரமான மக்ரோனி மேல் பொடியைக் கொட்டியதும் பொடியின் வெளிப்பக்கம் உடனே நீரைக் குடித்து ஒட்டிக்கொள்கிறது, உள்ளே வறண்ட பொடி மாட்டிக்கொள்கிறது. எவ்வளவு கிளறினாலும் அது போகாது. வரிசையை மாற்றினால் சரியாகும். மக்ரோனியை வடிகட்டியில் விட்டுவிட்டு, அதே சட்டியைச் சிறு தீயில் வைத்து வெண்ணெயை உருக்கவும். பொடியைச் சலித்துப் போட்டு அரை நிமிடம் வெண்ணெயோடு குழைக்கவும். துகள்களைக் கொழுப்பு முதலில் சுற்றிக்கொள்வதால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு வெதுவெதுப்பான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு ஒரு கொதி வந்ததும் மக்ரோனியைச் சேர்க்கவும். வடித்த மக்ரோனியைத் தண்ணீரில் அலசக் கூடாது. மேலே இருக்கும் மாவுச்சத்து போய்விட்டால் சாஸுக்குப் பிடிமானம் இல்லை.

வெண்ணெயை 56 கிராமிலிருந்து 30 கிராமாகக் குறைத்துச் செய்தால் புளிப்பும் உப்பும் கூர்மையாகத் தெரிகின்றன. எங்களுக்கு இதுதான் பிடித்தது. வெண்ணெயே இல்லாமல் பால் மட்டும் விட்டால் சாஸ் நீர்த்து, உப்பு தனியாக நாக்கில் அறைகிறது. பொடியில் மோர்நீர்ப் பொருட்கள், பால் கொழுப்பு, பாஸ்பேட் உப்புகள், சிட்ரிக், லாக்டிக் அமிலங்கள் இருக்கின்றன. அந்த நீலப் பெட்டிக்கே உரிய புளிப்பு இந்த அமிலங்களிலிருந்து வருகிறது. முதிர்ந்த சீஸின் ஆழம் அதில் கிடையாது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இரண்டாவது நிமிடத்தில் அருமை. பத்தாவதில் கெட்டி. முப்பதாவதில் கரண்டியை நட்டால் நிற்கும். மெல்லிய சின்னக் குழாய்கள் சாஸில் இருக்கும் கொஞ்ச நீரையும் உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். மக்ரோனி வேகவைத்த தண்ணீரில் 2 மேசைக்கரண்டி முன்பே எடுத்து வைத்துக்கொண்டு எட்டாவது நிமிடத்தில் விட்டுக் கிளறினால் இன்னும் பத்து நிமிடம் தாங்கும்.

1989-இல் தொடங்கிய ஆனீஸ் நிறுவனத்தின் வெள்ளைச் செடார் சிப்பி வகையும் (சிப்பி வடிவப் பாஸ்தா) பொடிதான், பெட்டி 170 கிராம். சிப்பியின் குழிவு சாஸை அள்ளிக்கொள்வதால், ஒரு வாய்க்குக் கிடைக்கும் சாஸ் கூடுதலாகத் தெரிகிறது. உப்பு அடங்கியது, பால் மணம் முன்னால் நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது வேகும் நேரம். ஒரு நிமிடம் கூடினாலும் சிப்பிகள் ஒன்றுக்குள் ஒன்று போய் நான்கைந்தாக ஒட்டிக்கொள்ளும், நடுவில் சாஸே போகாது. முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பையில் வரும் சாஸும், உறைந்ததும், கிண்ண வகையும்

வெல்வீட்டா சிப்பி வகையில் பொடி இல்லை, அலுமினியப் பையில் தயார் சாஸ். பெட்டி 340 கிராம். வெந்த சிப்பியை வடித்து, பையைப் பிழிந்து கிளறினால் தீர்ந்தது. பால், வெண்ணெய் வேண்டாம். முப்பதாவது நிமிடம் வரைக்கும் மினுமினுப்பு குறையாத ஒரே பெட்டி வகை இது. பாஸ்பேட் உப்புகள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் புரத வலை தளர்ந்து, கொழுப்பையும் நீரையும் கைவிடாமல் ஏந்திக்கொள்கிறது. ஆனால் நிலைத்து நிற்பது வேறு, ருசி வேறு. பால் இனிப்பு தூக்கல், செடாரின் கூர்மை குறைவு. நாலு வாய்க்கு மேல் ஒரே மாதிரி. அரைத் தேக்கரண்டி கடுகுப் பொடியும் கொஞ்சம் மிளகும் சேர்த்தால் எழுந்து நிற்கும். பையை வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு வைத்துப் பிழிந்தால் உள்ளே ஒட்டி வீணாவது குறையும்.

ஸ்டௌஃபர்ஸ் போன்ற உறைந்த தட்டு வகைகளை மைக்ரோவேவில் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அவனில் சுட்டால் ஓரம் சிவந்து, அந்த ஒரு விரல் அகலத்துக்கு வேறு பண்டமாகிவிடுகிறது. மைக்ரோவேவில் வைப்பதானால் பாதி நேரத்தில் ஒருமுறை கிளறி, முடிந்தபின் இரண்டு நிமிடம் விட்டு வைக்கவும். இல்லையென்றால் ஓரம் கொதிக்கும்போது நடு ஜில்லென்று இருக்கும். மக்ரோனி குழைவாகத்தான் வரும், உறைய வைத்துச் சுடுகிற வகையில் கடியை எதிர்பார்க்க முடியாது.

தண்ணீர் ஊற்றி மைக்ரோவேவில் மூன்றரை நிமிடம் வைக்கும் கிண்ண வகைக்கு ஒரே எச்சரிக்கை: அதில் இருக்கும் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அந்த மாவுச்சத்துத் தண்ணீர்தான் சாஸைப் பிடிக்கப்போகிறது.

வீட்டில்: மாவு, சிட்ரேட், டின் பால்

மாவு வகை எல்லோருக்கும் தெரிந்தது. 250 கிராம் மக்ரோனிக்கு வெண்ணெய் 25 கிராம், மைதா 25 கிராம், கொழுப்பு நீக்காத பால் 500 மில்லி, துருவிய சீஸ் 200 கிராம், கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி. வெண்ணெயில் மைதாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வதக்கி, சூடான பாலை மூன்று தவணையாக விட்டுக் கலக்கி, ஐந்தாறு நிமிடம் சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். பஜ்ஜி மாவுப் பதம் வந்தால் போதும். இந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்கினால் பச்சை மாவு வாடை எந்தச் சீஸ் போட்டாலும் மறையாது. அடுப்பை அணைத்து, சாஸ் 70 டிகிரிக்கு இறங்கியதும் சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்கவும். சீஸ் போட்டபின் மறுபடி கொதிக்கவிட்டால் நரநரப்பு நிச்சயம்.

கடையில் துருவியே விற்கும் பாக்கெட் சீஸ் இதற்கு ஆகாது. ஒட்டாமல் இருக்க அதில் உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், சாஸ் மணல் மணலாகப் படும். கட்டியாக வாங்கித் துருவுங்கள். செடார் மட்டும் போட்டால் கூர்மை வரும், வழவழப்பு வராது. 60 பங்கு கூர்மையான செடார், 30 பங்கு கௌடாவோ மான்டரி ஜாக்கோ, 10 பங்கு பார்மசான் என்பது நன்றாக உட்கார்ந்த கலவை. சைவக்காரர்கள் கவனிக்க: இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் (பாலைத் திரிக்கும் நொதி) சேர்த்தே ஆக வேண்டும் என்பது விதி. நுண்ணுயிர் ரென்னெட் என்று எழுதியிருக்கும் வேறு கெட்டிச் சீஸை வாங்கலாம். பன்னீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது உருகாது. அமிலத்தால் திரித்த சீஸ் எதுவும் உருகாது.

மாவு வகை பத்தாவது நிமிடத்தில் நன்றாகவே நிற்கும். முப்பதாவதில் கூழாக உறையும். அதைவிடப் பெரிய குறை, மாவு சீஸின் மணத்தை அமுக்குவது. 200 கிராம் நல்ல செடார் போட்டும் நாக்குக்கு வருவது பால்தான்.

அந்தக் குறையைத் தீர்ப்பது சோடியம் சிட்ரேட். 265 மில்லி தண்ணீரில் அல்லது பாலில் 11 கிராம் சோடியம் சிட்ரேட்டைக் கரைத்து, மெல்லக் கொதிக்கும்போது 285 கிராம் துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கை பிளெண்டரால் அடிக்கவும். 240 கிராம் மக்ரோனிக்கு இது போதும். மற்ற முறைகளில் திரிந்துபோகிற இரண்டு வருட முதிர்ந்த செடார்கூட இதில் ஒரு பிசிறில்லாமல் உருகும். மாவு இல்லாததால் ருசி பளிச்சென்று சீஸாகவே வரும். மூன்று நிமிடப் புள்ளிகளிலும் முதலிடம் இதற்குத்தான். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சிட்ரேட் குறைவு, அரை கிராம் சேர்த்து மறுபடி அடிக்கவும். சிட்ரேட் மிஞ்சினால் உப்பும் கசப்பும் கலந்த ஒரு காரல் வரும், அதைத் திருத்த வழியில்லை. சிட்ரேட்டே உப்பாக இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், ஒரு கிராமுக்குக் கீழே காட்டும் தராசில் நிறுக்கவும்.

சோடியம் சிட்ரேட் கிடைக்காத ஊரில் அதை வீட்டிலேயே உண்டாக்கலாம். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் 7.5 கிராம், சமையல் சோடா 9.5 கிராம். இரண்டையும் அதே 265 மில்லி தண்ணீரில், பெரிய சட்டியில், சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்கவும். பொங்கி நுரைக்கும். நுரை முழுக்க அடங்கும்வரை சூடாக்கிய பிறகே சீஸ். தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் லேசான உப்பும் மெல்லிய புளிப்பும் இருக்க வேண்டும். சோப்பு வாடை வந்தால் சோடா மிச்சம், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு போடவும். இதைப் பாலில் செய்தால் பால் திரியும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அமுல் பிராசஸ்டு சீஸில் சோடியம் சிட்ரேட் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு அது, இரண்டு பங்கு செடார் என்று கலந்து சிறு தீயில் உருக்கினால் மாவில்லாமலே சாஸ் நிற்கும்.

அவசரத்துக்கு டின் பால் வகை. மக்ரோனி, சர்க்கரை சேர்க்காத எவாபரேட்டட் பால், துருவிய சீஸ் மூன்றும் 170 கிராம் வீதம். மக்ரோனி மூழ்கும் அளவு தண்ணீர் மட்டும் விட்டு, அது வற்றும்வரை வேகவிட்டுப் பாலை ஊற்றி, கொதித்ததும் தீயைக் குறைத்துச் சீஸைப் போட்டுக் கிளறினால் பத்தே நிமிடம். டின் பாலில் புரதம் செறிந்திருக்கிறது, பல தயாரிப்புகளில் பாஸ்பேட் உப்பும் சேர்ந்திருக்கிறது. சாஸ் பிரியாதது அதனால்தான். பாலின் காய்ச்சிய இனிப்பு கொஞ்சம் தெரியும். சர்க்கரை போட்ட கண்டென்ஸ்டு மில்க் டின்னும் இதுவும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எடுக்கும்போது பார்த்து எடுக்கவும்.

சுட்டுத் துண்டு போடும் வகை

அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களின் நன்றி நவிலல் நாள் விருந்தில் இந்த வகை இல்லாமல் மேசை நிறையாது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சனின் அடிமையாக 1784-இல் அவரோடு பாரிஸுக்குப் போய்ச் சமையல் கற்றவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். அமெரிக்காவில் இந்தப் பண்டத்தின் தொடக்க கால வரலாறு அவரைப் போன்ற சமையல்காரர்களின் கைகளில்தான் இருக்கிறது. 1802-இல் ஜெபர்சனின் ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனிப் பை சாப்பிட்ட மனாசே கட்லர் என்ற விருந்தினர், அது பிடிக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

250 கிராம் மக்ரோனிக்கு 354 மில்லி டின் பால், முட்டை 2, சீஸ் 300 கிராம், வெண்ணெய் 30 கிராம், உப்பு, மிளகு. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு. மக்ரோனியைப் பாக்கெட்டில் சொன்னதைவிட இரண்டு நிமிடம் முன்னதாக இறக்கவும், மிச்சம் அவனில் பாலைக் குடித்து வேகும். வடித்தவுடன் முட்டையை ஊற்றினால் ஆம்லெட்தான், ஐந்து நிமிடம் ஆறவிடவும். 100 கிராம் சீஸை மேலே தூவ ஒதுக்கிவிட்டு, மற்றதில் பாதியைத் துருவியும் பாதியைச் சின்னக் கட்டிகளாகவும் போட்டால் நடுநடுவே உருகிய குட்டைகள் கிடைக்கும். 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். நடுவில் குத்திய வெப்பமானி 73, 74 காட்டும்போது எடுத்துவிட வேண்டும். 82-ஐத் தாண்டினால் முட்டை திரிந்து நீர் விடும், துண்டு போட்ட இடத்தில் மஞ்சள் தண்ணீர் தேங்கும்.

2-10-30 கணக்கு இந்த ஒரு வகைக்கு அநியாயம். இரண்டாவது நிமிடத்தில் இது குழம்பு, இருபதாவது நிமிடத்தில்தான் துண்டு நிற்கும். அதனால் இதை மட்டும் 20, 40 நிமிடங்களில் பார்த்தோம். வழவழப்பில் சிட்ரேட் வகைக்குப் பக்கத்தில் வராது, வரவும் வேண்டாம். மேலோட்டின் மொறுமொறுப்பு, ஓரத்தில் கருகிய சீஸ், நடுவில் திடமான பால் சுவை என்று ஒரே துண்டில் மூன்று ருசி கிடைக்கிறது. பார்படாஸ், டிரினிடாட் தீவுகளின் மக்ரோனிப் பையும் இப்படித் துண்டு போட்டுத் தின்கிற வகைதான்.

மிஞ்சியதைச் சூடாக்கும்போது 200 கிராமுக்கு 2 மேசைக்கரண்டி பால் விட்டு, மூடி, மைக்ரோவேவைப் பாதிச் சக்தியில் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறவும். முழுச் சக்தியில் வைத்தால் மாவு வகையும் எண்ணெய் விடும். சிட்ரேட் வகையும் பை சாஸ் வகையும் மறுநாளும் பழைய நிலைக்கே திரும்பும். பொடி வகை திரும்பாது, அதைச் செய்த அன்றே தின்று முடிக்கவும். சுட்ட வகையை மைக்ரோவேவில் வைக்காமல், குளிர்ந்த துண்டை அப்படியே தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மூன்று மூன்று நிமிடம் முறுக விடலாம்.